போஸ்டரில் கீழே இருக்கிறவர்

அந்த டங்கை, அதாவது பாஸ்கெட்பாலில் எம்பிப் போய்ப் பந்தை மேலிருந்து ரிம் என்கிற வளையத்துக்குள் அறைகிற ஷாட்டை, நான் பார்த்தது அடுப்படியில் நின்றுகொண்டு. 2024 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை காலை. ஆட்டம் நடந்த சால்ட் லேக் சிட்டியில் அப்போது திங்கள் இரவு. போனை மிக்ஸிமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏவில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸும் யூட்டா ஜாஸும் மோதுகிற மேட்ச், மூன்றாவது குவார்ட்டர். மினசோட்டாவின் ஆன்டனி எட்வர்ட்ஸ் கையில் பந்து, ஃபாஸ்ட் பிரேக் (எதிர் டீம் திரும்பி வந்து நிற்பதற்குள் வேகமாகப் பாய்வது), வழியில் நிற்பது யூட்டாவின் ஜான் காலின்ஸ். எட்வர்ட்ஸ் ஆறடி நாலு அங்குலம், காலின்ஸ் ஆறடி ஒன்பது. இந்தக் கணக்குக்கு எட்வர்ட்ஸ் ஒரு ஓரமாக வளைந்து லே-அப் (பக்கத்தில் போய் மெதுவாகப் பந்தை உள்ளே விடுவது) போட்டிருக்கணும், இல்லையென்றால் பக்கத்தில் வருகிறவருக்குத் தட்டிவிட்டிருக்கணும். ரெண்டும் செய்யவில்லை. ரொம்பத் தள்ளியே எம்பிவிட்டார். காலின்ஸும் எம்பினார். கொஞ்ச நேரத்தில் காலின்ஸ் இறங்க ஆரம்பித்துவிட்டார், எட்வர்ட்ஸ் இன்னும் மேலேயே இருந்தார். வலது கை காலின்ஸ் தலைக்கு மேலாகப் போய் ரிம்முக்குள் பந்தை அறைந்தது.

நான் கத்திய கத்தில் ஹாலில் இருந்து அம்மா, "என்னடா, கையச் சுட்டுக்கிட்டியா?" என்றார். தோசை தீய்ந்துபோனது நிஜம்.

சீசன் முடிந்ததும் வழக்கம்போல "இந்த வருஷத்தின் சிறந்த டங்குகள்" வீடியோக்கள் வரிசைகட்டி வந்தன. ரெகுலர் சீசனில் மட்டும் 1,230 மேட்ச். அதையெல்லாம் பிழிந்து பத்துப் பதினைந்து நிமிஷச் சாறாகக் கொடுப்பார்கள். நான் அதற்கு அடிமை. வருஷா வருஷம் உட்கார்ந்து பார்ப்பேன், முதலிடம் யாருக்கு என்று நண்பர்களோடு சண்டை போடுவேன். 2023-24க்கு எனக்குச் சந்தேகமே கிடையாது, அந்த எட்வர்ட்ஸ் டங்க்தான். என் சண்டை வேறு. வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு பேர்தான் போடுகிறார்கள். டங்க் அடித்தவர் பேர். எனக்கு ரெண்டு பேர் பேரும் வேணும்.

சிரிக்காதீர்கள். விளக்குகிறேன்.

யாரும் துரத்தாதபோது தனியாக ஓடிப்போய் அடிக்கிற டங்க் இருக்கிறது. பார்க்க நல்லாத்தான் இருக்கும். அதைவிட அழகானதெல்லாம் ஆல்-ஸ்டார் சமயத்தில் நடக்கிற டங்க் போட்டியில் கிடைக்கும். அதே 2024இல் மேக் மெக்ளங், ஏழடி ஷக்கீல் ஓ'நீலைத் தாண்டிக் குதித்து டங்க் அடித்துக் கோப்பையை வாங்கினார். மனுஷன் ஆறடி ரெண்டு அங்குலம்! 2023, 2024, 2025 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அவர்தான் சாம்பியன். ஆனால் ஷாக் அங்கே தூண் மாதிரி நின்றார். நிற்கச் சொல்லி நிற்க வைத்தது. மெக்ளங்கின் எம்பலைக் குறை சொல்லவில்லை, அது கழைக்கூத்து மாதிரி ஒரு வித்தை. மேட்சுக்குள் நடக்கிற டங்க் ஜல்லிக்கட்டு மாதிரி. எதிரில் இருக்கிறதுக்கும் ஒரு மனசு உண்டு, அது என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

தடுக்க எம்பினவர் தலைக்கு மேலே டங்க் அடித்தால் அந்தக் காட்சியைத்தான் போஸ்டர் என்கிறார்கள். அந்த எதிராளி குதிக்கவில்லை என்றால் போஸ்டரே கிடையாது. என்பிஏ வட்டாரத்தில் இதற்குக் கிண்டலாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், 'பிசினஸ் டிசிஷன்'. ஒருத்தர் முழு வேகத்தில் ரிம்மைப் பார்த்து வருகிறார், டிஃபெண்டர் ஒரு நொடியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நைசாக ஒதுங்கிக்கொள்கிறார். ரெண்டு பாயிண்ட்தானே, போனால் போகட்டும், ஆயுசுக்கும் இன்டர்நெட்டில் மானம் போக வேண்டாம் என்கிற வியாபாரக் கணக்கு. சீசன் பூரா இது நடக்கிறது. அதையெல்லாம் யாரும் தொகுத்துப் போடுவதில்லை, அதனால் ஒதுங்கியவர் தப்பித்துவிடுகிறார். குதித்தவர் மாட்டிக்கொள்கிறார்.

அதிலும் காலின்ஸ் கதை விசேஷம். 2021 பிளேஆஃபில் (ரெகுலர் சீசனுக்குப் பின் நடக்கிற நாக்-அவுட் சீரிஸ்கள்) அவர் அட்லாண்டா ஹாக்ஸில் இருந்தார். ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆறாவது மேட்சில் ஜோயல் எம்பீட் மேல் ஒரு டங்க் அடித்தார். எம்பீட் ஏழடி. ஏழாவது மேட்ச்சை ஜெயித்து சீரிஸை முடித்துவிட்டுப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்தபோது அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டில் அந்த டங்க் படமே இருந்தது! தன் போஸ்டரைத் தானே நெஞ்சில் மாட்டிக்கொண்டு வந்த ஆள். மூன்று வருஷத்துக்குள் அவரே இன்னொருத்தர் போஸ்டரில் கீழே. இதில் பழிவாங்கல், கர்மா என்று எழுதியவர்களைப் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே இருப்பது எப்படி இருக்கும் என்று எம்பீட் முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர். தெரிந்தே குதித்தார். எட்வர்ட்ஸுக்கு இடது கை மோதிர விரல் பிசகிக்கொண்டது. உள்ளே போய்ச் சரிபண்ணிக்கொண்டு திரும்பி வந்து ஆடினார், மொத்தம் 32 பாயிண்ட், மினசோட்டா ஜெயித்தது. காலின்ஸுக்குத் தலையில் அடி. அந்த ரெண்டு பாயிண்டுக்கு ரெண்டு பேருமே விலை கொடுத்திருக்கிறார்கள்.

எட்வர்ட்ஸின் முதல் சீசனிலேயே இப்படி ஒன்று உண்டு. 2021 பிப்ரவரி, டொராண்டோ ராப்டர்ஸோடு. அன்றைக்கு மாட்டியவர் ஜப்பான்காரர் யூட்டா வாட்டனபே. டீமில் இடமே நிச்சயமில்லாத ஆள். உலகமே அந்த வீடியோவைப் போட்டுச் சிரித்தது. கேட்டபோது அவர் சொன்னதன் சாரம் இது: மறுபடி அதே நிலைமை வந்தாலும் பிளாக் பண்ணத்தான் போவேன், அங்கே குதிக்கவில்லையென்றால் எனக்கு ஆடவே இடம் கிடைக்காது. இதைப் படித்ததிலிருந்து நான் அந்த டங்கை அவருக்காகப் பார்க்கிறேன்.

ரூடி கோபேரை எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் தொகுப்புகளில் கீழே தென்படுகிற முகங்களில் அவர் முகம் அடிக்கடி வரும், மீம் போடுகிறவர்களுக்கு அல்வா. அந்தாள் சீசனின் சிறந்த டிஃபெண்டர் விருதை நாலு தரம் வாங்கியவர். நாள் பூரா ரிம்முக்குக் கீழே நின்று எல்லாவற்றுக்கும் எம்புகிறவர், சிலதில் மாட்டத்தான் செய்வார். கிணற்றில் இறங்குகிறவன் வேட்டிதானே நனையும்?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் ஒதுங்கியவன்.

காலேஜ் டீமில் இருந்தேன். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை, உயரம் இருந்ததால் எடுத்தார்கள். ஒரு இன்டர்-காலேஜ் டோர்னமென்ட், சிமெண்ட் கோர்ட், வலை பாதி அறுந்து தொங்குகிற ரிம். எங்கள் ஊர்ப் பக்கத்து மேட்சுகளில் டங்க் என்பது கேள்விப்படுகிற சமாச்சாரம். பத்தடி உயரம், அதாவது 305 சென்டிமீட்டர், சும்மா கையால் தொட்டவனையே ஜூனியர்கள் ஒரு வாரம் பேசுவார்கள். எதிர் டீம் சென்டர் (ரிம்முக்குப் பக்கத்திலேயே ஆடுகிற ஆள்) பந்தோடு உள்ளே வந்தான். நான் போர்டுக்குக் கீழே. அவன் கால் தரையை விட்டபோதே இது லே-அப் இல்லை என்று தெரிந்துவிட்டது. நான் ரீபவுண்டுக்கு, அதாவது ரிம்மில் பட்டுத் தெறிக்கிற பந்தைப் பிடிக்க, இடம் பிடிக்கிற மாதிரி ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பந்து உள்ளே போன சத்தம், அதற்குப் பின்னால் ரிம் அதிர்ந்த சத்தம், அதற்கும் பின்னால் சனங்களின் சத்தம். அவன் தொங்கியதில் ரிம் முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அப்படியே சாய்ந்த ரிம்மில்தான் மிச்ச டோர்னமென்டும் நடந்தது.

(என்பிஏவில் அப்படி ஆகாது. 1979இல் டாரில் டாகின்ஸ் ஒரு மாசத்துக்குள் ரெண்டு தடவை டங்க் அடித்துக் கண்ணாடி போர்டையே நொறுக்கினார். அந்த மாதிரிச் சேதத்தைத் தடுக்கத்தான் ஸ்பிரிங் வைத்து மடங்குகிற ரிம் வந்தது. எங்கள் ரிம் வெல்டிங் அடித்தது.)

கோச் என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஏன்டா ஒதுங்குன?"

"ஃபவுல் ஆயிடும்னுதான் சார்..."

"ஆனா ஆவட்டும். ஒனக்கு அஞ்சு ஃபவுல் வரைக்கும் இருக்குல்ல? அதை வச்சு என்ன பண்ணப்போற, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

பதில் இல்லை. மீதி மேட்ச் பூரா பெஞ்சில்தான்.

அதனால்தான் எட்வர்ட்ஸை எனக்கு இன்னும் பிடிக்கும். அந்த டங்குக்குப் பதினோரு நாள் முன்னால், மார்ச் 7ஆம் தேதி, இண்டியானாவில் அவரே அடுத்த பக்கம் நின்றார். கடைசி நொடிகள், மினசோட்டா 113, இண்டியானா 111. ஏரன் நெஸ்மித் சமன் பண்ண உள்ளே போகிறார். எட்வர்ட்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து எம்பி அந்தப் பந்தைத் தட்டிவிட்டு, இறங்கும்போது நிலைதடுமாறிக் கீழே விழுந்தார். தலை ரிம்மில் இடித்தது என்று அப்புறம் அவரே சொன்னார். அதற்கு முன் அந்த மேட்சில் 44 பாயிண்ட் போட்டிருந்தவர், கொஞ்சம் மூச்சு வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அரை நொடி பிந்தியிருந்தால் அது ஃபவுல், இல்லையென்றால் கேலி வீடியோ. மார்ச் 7இல் தானும் குதித்தவர் என்பதால் மார்ச் 18இல் காலின்ஸ் மேல் அடித்த டங்குக்கு எடை கூடுகிறது என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் கமெண்டில் வரலாம்.

சிட்னி ஒலிம்பிக்ஸ் 2000இல் அமெரிக்காவின் வின்ஸ் கார்ட்டர் டங்க் அடிக்கத் தாண்டிப்போன பிரான்ஸின் ஃப்ரெடெரிக் வைஸை நினைத்தாலும் இதே ஆதங்கம்தான். ஏழடி ரெண்டு அங்குலம். அவர் தலைக்கு மேலே கார்ட்டர் போகிற அந்தப் படத்தைப் பார்க்காத பாஸ்கெட்பால் பைத்தியம் கிடையாது. பிரான்ஸ் அந்த ஒலிம்பிக்ஸில் ஃபைனல் வரை வந்து வெள்ளி வாங்கியது, வைஸ் கழுத்திலும் ஒரு மெடல் தொங்கியது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஆகையால் என் பட்டியலில் எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். எட்வர்ட்ஸ் - காலின்ஸ். எட்வர்ட்ஸ் - வாட்டனபே. 2022 பிப்ரவரி 28, சான் அன்டோனியோவுக்கு எதிராக 52 பாயிண்ட் அடித்த அன்றைக்கு மெம்பிஸின் ஜா மொராண்ட் அடித்தது, அதில் ஏழடி யாக்கப் போல்ட்ல் கையை நீட்டிக்கொண்டு மேலே வந்தாரே, மொராண்ட் - போல்ட்ல். இன்னும் யாரைச் சேர்க்கலாம் என்று நீங்களும் சொல்லுங்கள், ஆனால் ரெண்டு பேரோடு சொல்லுங்கள்.

என் காலேஜ் டங்குக்கும் ஒரு போட்டோ இருக்கிறது. எதிர் டீம் பையன் ஒருத்தன் எடுத்தது, ரொம்ப நாள் கழித்து ஒரு குரூப்பில் வந்து விழுந்தது. சென்டர் ரிம்மில் தொங்குகிறான், பின்னால் கூட்டம் எழுந்து நிற்கிறது, அவனுக்குக் கீழே வெறும் சிமெண்ட். இடது ஓரத்தில் ஒரு வெள்ளை ஷூ, பாதி மட்டும். லேஸ் அவிழ்ந்திருப்பதை வைத்துத்தான் அது என்னுடையது என்று கண்டுபிடித்தேன்.