விடையை எட்டிப் பார்க்காதீர்கள்

சுடோகு எண் புதிரில் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் விடையைப் பார்த்துவிடலாம், தப்பில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன், கம்பத்திலிருந்து தினமும் மலை ஏறும் பஸ்ஸில் பேப்பரில் வரும் கட்டத்தோடுதான் உட்காருவேன், சில நாள் லோயர்கேம்ப் தாண்டியும் ஒரு எண் கூட விழாது, ஆனால் ஒன்று விழுந்தால் அடுத்தடுத்து நாலைந்து தானாக வரும் பாருங்கள், அதற்காகத்தான் காத்திருப்பதே.

அப்புறம், ஊகித்துப் போடவும் வேண்டாம். ஒரே விடை வர கட்டத்தில் முன்கூட்டியே குறைந்தது 17 எண்கள் கொடுத்தாக வேண்டும், 16 போதாது என்று 2012-ல் டப்ளின் ஆய்வாளர்கள் கம்ப்யூட்டரில் ஒன்றுவிடாமல் தேடி நிரூபித்தார்கள். ஒரே விடைதான் என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

சின்ன வயதில் அப்பத்தா ஆடு, புலி, புல்லுக்கட்டுக் கணக்கைப் போட்டார். மூன்றையும் ஆற்றின் அக்கரை சேர்க்க வேண்டும், படகில் ஆளோடு ஒன்றுதான் ஏறும். புலியும் ஆடும் தனியாக இருக்கக்கூடாது, ஆடும் புல்லும் கூடாது. இரண்டு நாள் திணறினேன். அக்கரை சேர்த்த ஆட்டையே திரும்ப இக்கரைக்குக் கொண்டுவரலாம் என்று மனசு ஒத்துக்கொள்ளவே இல்லை! அது பிடிபட்டதும் ஏழே நடையில் முடிந்தது. அப்பத்தா அன்றைக்கே விடையைச் சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கணக்கே மறந்துபோயிருக்கும்.