144 ஹெர்ட்ஸ் வாங்கி 60-ல் ஓட்டும் கொடுமை

ஒரு 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டரா, ரெண்டு சாதா 60 ஹெர்ட்ஸ் மானிட்டரா என்று கேட்டால், எல்லாரும் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையே காட்டுகிறார்கள். கேபிளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. எரிச்சலே அங்கேதான்.

144-ல் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், சுமார் 7 மில்லிசெகண்ட் நிற்கும், 60-ல் கிட்டத்தட்ட 17. துப்பாக்கி விளையாட்டில் இது கண்ணுக்கே தெரியும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு 70 ஃபிரேம்தான் தள்ளும் என்றால் பாதிக் காசு தண்டம். 1440பி (2560x1440 புள்ளிகள்) மானிட்டரை பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் செருகினால் 144 வரவே வராது, டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அல்லது எச்டிஎம்ஐ 2.0-ஆவது வேண்டும். அதையும் மாட்டிய பிறகு விண்டோஸ் பல நேரம் 60-லேயே உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நாமேதான் மாற்றணும். இதைச் சொல்லி விற்க என்ன கேடு?

பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் ஒன்றைச் சேர்த்தால் இன்னொரு தலைவலி. சில கார்டுகளில் சும்மா இருக்கும்போதும் மெமரி கிளாக் (கார்டின் மெமரி ஓடும் வேகம்) இறங்காது. சூடு, ஃபேன் சத்தம். 144-ஐ 120-க்கு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

நாள் முழுக்க எக்செல், கோடிங் என்றால் ரெண்டு 24 இஞ்ச் போதும், யார் என்ன சொன்னாலும்.