ஹெர்பேரியத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் கணக்கில் வரமாட்டார்களா?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஹெர்பேரியத்தை (செடிகளை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடம்) மூடப்போகும் செய்தியை நான் பகிர்ந்ததற்கு வந்த பதில்களைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "காய்ந்த இலைக்கு எதுக்கு இவ்வளவு அழுகை, போட்டோ எடுத்து வைத்தால் போச்சு" என்று எழுதியவர் என்னோடு தாவரவியல் படித்தவர். அதுதான் வலிக்கிறது.

1921இல் தொடங்கிய சேகரிப்பு. சுமார் 8,25,000 மாதிரிகள். மூடப்போகிறோம், வேறு இடம் பாருங்கள் என்று 2024 பிப்ரவரியில் நிர்வாகம் சொல்லிவிட்டது. சரி, தாள்களுக்கு இடம் கிடைக்கும். அவற்றைப் பார்த்துக்கொண்ட மனிதர்களுக்கு? அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

எங்கள் கல்லூரி ஹெர்பேரியத்தில் ஒரு அண்ணன் இருந்தார். பதவி அட்டெண்டர். பசைக்கு அடங்காத தடித்த காம்பை ஊசி நூலால் தைத்துக் கட்டுவார். ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைக்காமல் விடமாட்டார். தாளின் மேல் மாவு மாதிரித் தூள் கிடந்தால் வண்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே அந்தத் தாள்கட்டை அப்படியே தூக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுவார். லேபிளில் ஊர்ப்பெயர் அழிந்திருந்தால் கையெழுத்தைப் பார்த்தே சேகரித்தவர் யார், எந்த மலைக்குப் போனவர் என்று சொல்வார். அவர் ஓய்வு பெற்றதும் ஆள் போடவில்லை. பிறகு ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஆவாரை இருந்த அடுக்கில் காம்பும் லேபிளும்தான் மிச்சம். அந்த அறையை யாரும் மூடவில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.

போட்டோ போதும் என்பவர்களுக்கு: 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்ததே, அதற்குக் காரணமான கிருமி எந்த ரகம் என்று 2013இல்தான் தெரிந்தது. எப்படி? அந்தக் காலத்தில் யாரோ அழுத்தி வைத்த நோய்பட்ட இலைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து. வைத்தவருக்கு டிஎன்ஏ என்றால் என்னவென்றே தெரியாது. அந்த இலைகளை வண்டு அரிக்காமல் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். போட்டோவிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியுமா?

டியூக்கில் மூடுவதற்குக் காரணம் செலவு என்கிறார்கள். கட்டடம் பழசு, பணம் வேண்டும், புரிகிறது. ஆனால் 1,100 கோடி டாலருக்கு மேல் நிதி வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அதைச் சொல்லும்போது என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தை 1967இல் தொடங்கிய பாதிரியார் கே.எம். மேத்யூவின் பெயரை நாம் எல்லாரும் சொல்வோம். அது தகும். ஆனால் ஒரு ஹெர்பேரியத்தில் தாளைத் தைத்தவர், லேபிள் எழுதியவர், நாஃப்தலீன் (பூச்சி உருண்டை) நெடியில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? பல இடங்களில் கீப்பர் வேலையே தொகுப்பூதியம்தான். புராஜெக்ட் முடிந்தால் அவரும் போகவேண்டியதுதான். அவர் தலையில் இருப்பதை எந்த ஸ்கேனரில் ஏற்றுவீர்கள்?

என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அந்த அண்ணன் பெயரைப் போட்டபோது, அட்டெண்டர் பெயர் எல்லாம் எதற்கு, எடுத்துவிடு என்றார்கள். நான் எடுக்கவில்லை. போட்டோ போதும் என்று எழுதிய நண்பரே, உங்கள் புராஜெக்டுக்கும் தாள்களைத் தேடி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.