பூங்கொத்து சரி, கிளிநொச்சி வெயிலுக்கு?

வியாபாரக் கூட்டாளிகளுக்குப் பூங்கொத்து அனுப்பினால் உறவு பலப்படும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, மறுக்கவில்லை, ஆனால் கிளிநொச்சியில் இருந்து வாசிக்கிற எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. நுவரெலியாப் பக்கம் வெட்டின ரோசா ஏ9 வீதியால் இங்கே வந்து சேருவதற்குள் கழுத்துத் தொங்கிவிடும், அதைக் கண்ணாடித்தாளில் சுற்றி வெயிலில் வைத்தால் உள்ளே வேர்த்து இதழ் ஓரமெல்லாம் கறுத்துப்போகும். அந்தூரியம் என்றால் தண்ணீரில் இரண்டு கிழமையாவது நிற்கும். காசு செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள்.

இங்கே அரிசி ஆலை முதலாளியோ உரக்கடைக்காரரோ புதுக்கடை திறக்கிற அன்று விடியவே போய் நின்று, ஒரு மாலையும் சாமிப்படத்துக்கு மல்லிகைச் சரமும் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மனதில் நிற்பீர்கள். பெடியனிடம் கொடுத்தனுப்பிவிட்டு நீங்கள் போகாவிட்டால், எவ்வளவு பெரிய பூங்கொத்தென்றாலும் "ஆள் வரேல்லையே" என்றுதான் கதை வரும். வளையமாகக் கட்டினதை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அது செத்த வீட்டுக்குப் போவது. வெள்ளைப் பூ மட்டும் வைத்த கொத்தைக் கண்டாலும் சிலருக்கு முகம் மாறும். கார்த்திகைப்பூ நல்ல வடிவுதான், ஆனால் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு, நவம்பரில் மாவீரர் நாளை ஒட்டி அதற்கு வேறு அர்த்தமும் உண்டு, கடை மேசைக்குச் சரிவராது.

அதுசரி, பாக்கி வைத்திருக்கிறவர் பூ அனுப்பினால் என்ன செய்வது என்று கட்டுரையில் ஒன்றும் இல்லையே?