விலையை எழுதியதற்குத்தான் கோபம்

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்: "அண்ணா, உங்களைப் போல நானும் எங்கட தொழிலைப் பற்றி எழுதினால் வேலைக்குப் பிரச்சினை வருமா?" வரும் தம்பி. எனக்கு வந்தது. ஆனால் நான் பயந்த பக்கத்தால் வரவில்லை.

திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆறு சீசன் ரிசப்ஷனில் நின்றேன். இரவு டியூட்டியில் நேரம் போகாமல் எழுதத் தொடங்கியதுதான். முதலில் எல்லாம் பெரிய பெரிய கதை. சுற்றுலாத்துறையின் சுரண்டல், வாடைக்காற்று தொடங்கியதும் பொடியன்களை வீட்டுக்கு அனுப்பும் கொடுமை, இப்படி. மனேஜரே லைக் போட்டார். பொத்தாம்பொதுவாகத் திட்டினால் யாருக்கும் சுடாது. பக்கத்து ஹோட்டலைத்தான் சொல்கிறான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

பிறகு ஒருநாள், ஒருவரையும் திட்டாமல் ஒரு பதிவு போட்டேன். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போவது எப்படி என்று. 2003 இல் இருந்து அது தேசியப் பூங்கா, பவளப்பாறையில் கால் ஊன்றாதீர்கள், தண்ணீர் முழங்கால் மட்டும் இருந்தாலும் படுத்தே மிதவுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வேறு, படகுக் கூலி வேறு, பிரித்துக் கேளுங்கள். ஹோட்டல் மூலம் படகு பிடித்தால் அதில் ஹோட்டலுக்கு ஒரு பங்கு உண்டு, கரையில் நேரே கதைத்தால் இவ்வளவு குறையும் என்று தொகையையும் போட்டேன்.

மறுநாள் மனேஜர் கூப்பிட்டார். மேசையில் என் பதிவு. கலர் பிரின்ட்! "தம்பி, பவளப்பாறை விசயம் நல்லா எழுதியிருக்கிறீர். இந்தக் கடைசி வரி மட்டும் ஏன்?" நான் அழிக்கவில்லை. அடுத்த சீசனுக்குக் கூப்பிடவும் இல்லை. வேலை போனது என்றுகூடச் சொல்ல ஏலாது, போன் வரவில்லை, அவ்வளவுதான். மற்ற ஹோட்டல்களில் கேட்டால், "ஓ, அந்த எழுதுற ஆளா?" திருகோணமலை அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

மனேஜரின் கோபம் என்னைப் பெரிதாக வாட்டவில்லை. வாட்டியது வேறு ஒன்று. என்னோடு படித்தவன் ஒருவன் அங்கே படகு ஓட்டுகிறான். 2022 இல் எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் பிடித்துக்கொண்டான்: "உன்ர பழைய தொகையைப் போனில காட்டி என்னோட பேரம் பேசுறாங்கள் மச்சான். எண்ணெய் என்ன விலை எண்டு அதில எழுதினியா?" எழுதவில்லைதான். ஹோட்டலைக் குத்த எடுத்த ஊசி இவன் காலில் ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் அந்த வரியில் கை வைத்தேன். எந்த மாதத்து விலை என்பதையும் எண்ணெய்ச் செலவையும் சேர்த்தேன். முதலே செய்திருக்க வேண்டிய வேலை.

அமெரிக்காவில் ஹெதர் ஆம்ஸ்ட்ரோங் என்ற பெண் வேலையிடத்தைப் பற்றி வலைப்பதிவில் எழுதி 2002 இல் வேலையை இழந்தார். அவருடைய தளத்தின் பெயர் டூஸ். எழுதி வேலை போவதற்கே ஆங்கிலத்தில் அந்தச் சொல் நின்றுவிட்டது. பிறகு பல வருஷம் அவருக்குச் சோறு போட்டதும் அதே தளம்தான். எனக்கு அவ்வளவு புகழ் இல்லை. ஆனால் கொழும்பில் சின்னதாகப் பயண நிறுவனம் நடத்தும் ஒரு அக்கா அந்தப் புறாத்தீவுப் பதிவைப் படித்திருந்தார். நேர்முகத்தில் சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. "கமிஷனை ஊருக்கே சொன்ன ஆள் எங்களிட்ட ஒளிக்க மாட்டீங்கள்" என்றார். இப்போது கிழக்குப் பக்கப் பயணங்களை இங்கிருந்தே நான்தான் ஒழுங்கு செய்கிறேன். சம்பளமும் பழையதைவிடக் கூட.

வேலைக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தொழில் பற்றி எழுதும் எதையும் முதலில் அவர்களுக்குக் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் துறைமுக வாசலிலேயே ஆழமான கடற்பள்ளத்தாக்கு இருப்பதால் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வரும், தெரியும்தானே. படகுகள் 100 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது 2012 ஒழுங்குவிதி. எப்படி நிற்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் நிறுவனம் அனுப்பும் பயணிகளும் அந்தப் படகுகளில்தான் போகிறார்கள். மே மாதத்தில் இருந்து அது டிராஃப்டில் கிடக்கிறது.