யாரிடம் கேட்டார்கள்?

‘நாடு சரியான பாதையில் போகிறது’ என்று பெரும்பாலோர் சொன்னதாக வந்த கருத்துக்கணிப்பை வைத்து, மக்கள் நிறைவாக இருக்கிறார்கள் என்று உங்கள் கட்டுரை முடிவு கட்டுகிறது. என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒருவருக்குச் சந்திரயான் நினைவுக்கு வரும், இன்னொருவருக்கு மளிகைக்கடை பில். தனித்தனியாகக் கேட்டால்தான் தெரியும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் இங்கே டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ்-லோக்நீதி என்ற ஆய்வு அமைப்பு அப்படிக் கேட்டது. வேலை கிடைப்பது கடினமாகிவிட்டது என்றவர்கள் 62 சதவீதம், விலைவாசி ஏறிவிட்டது என்றவர்கள் 71 சதவீதம். அதே கணிப்பில் ஆளும் கட்சிக்குத்தான் ஆதரவும் அதிகம். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும்.

அப்புறம், யாரிடம் கேட்கிறார்கள்? டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடை ஓரம் இருந்த, தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதலில் பட்டியலில் வந்தவை 189 மட்டுமே. அங்கே இருந்தவர்கள், அக்கம்பக்கத்தில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் பெண்கள். வேலை ஜங்புராவில், வீடு நகரத்தின் வடக்கு எல்லையில் என்றால் எப்படிப் பிழைப்பது? வாக்காளர் பட்டியலைப் பார்த்து வீடு தேடி வரும் கணிப்பாளருக்கு, முகவரியே போய்விட்ட இவர்கள் எப்படிக் கிடைப்பார்கள்? அடுத்த முறை சதவீதம் போடும்போது, எந்தெந்த இடத்தில் எத்தனை பேரிடம் கேட்டது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.