கிணறு இறைக்க ஆள் பிடிக்க முதல்

புரட்டாதி பிறந்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரே கதைதான். மாரிக்கு முதல் கிணறு இறைக்கவேணும், கூரைப் பீலி துப்பரவாக்கவேணும், தேங்காய் பறிக்கவேணும். ஆளைப் பிடிப்பமா, நாங்களே செய்வமா? பெரும்பாலும் காசை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். என் கருத்து வேறு. அந்த வேலை பிழைத்தால் என்ன போகும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கவேணும்.

வளவு கூட்டுவது பிழைத்தால் ஒன்றும் போகாது, நாங்களே கூட்டலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயது போனவர்கள் தனியே இருக்கும் வீட்டில் அதற்கும் ஆள் வைப்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. தென்னையில் ஏறுவது பழகியவரின் வேலை. பீலிக்கு ஏணியின் காலைப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் காணும். ஆனால் மழை தொடங்கினால் கிழமைக்கு ஒருதரம் பார்க்கவேணும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும்.

கிணறுதான் உயிர் சம்பந்தப்பட்டது. மேலே வைத்த, எண்ணெயில் ஓடும் தண்ணீர் இறைக்கும் மெசின் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்காது. அதனால் அரைக்கிணற்றில் பலகை போட்டு மெசினை உள்ளே இறக்குகிறார்கள். சாவு அங்கேதான் இருக்கிறது. மெசின் கக்கும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டம் இல்லாத கிணற்றுக்குள் அது நிறைந்து நிற்கும், மெசினை நிற்பாட்டிய பிறகும் நிற்கும். மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்ப்பதை நம்பவேண்டாம். ஒட்சிசன் குறைந்தால்தான் திரி அணையும். ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் அது எரிந்துகொண்டேயிருக்கும். மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவது இதனால்தான்.

ஆகவே ஆழக் கிணற்றுக்கு நீர்மூழ்கி மோட்டரோடு வரும் ஆட்களைப் பிடியுங்கள். ஆள் இறங்க முதல் பிளக்கையும் கழற்றவேணும், சுவிச்சை அணைப்பது மட்டும் காணாது. இறங்குபவரின் கக்கத்தைச் சுற்றிக் கயிறு, மேலே அதைப் பிடிக்க இரண்டு பேர். கூலி பேசும்போது நாங்கள் வெட்டுவது பெரும்பாலும் இந்த ஆட்களைத்தான்: "மூண்டு பேர் எதுக்கு, ரெண்டு பேர் காணாதோ?" அந்த மூன்றாவது ஆள் இல்லாவிட்டால், மயங்கியவரை ஒருவர் தனியே 30 அடி தூக்க ஏலாது.

இன்னொன்றையும் சொல்லவேணும். வேலைக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிப் பேணி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் குடிதண்ணீருக்குள் நின்று சேறு அள்ளுகிறவருக்கு எங்கள் கோப்பையைக் கொடுக்க மனம் வராதென்றால், அது பெரிய அநியாயம்.

கடற்கரையோரக் கிணறென்றால் ஒட்ட இறைக்கச் சொல்லாதீர்கள். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும்.

ஆட்கள் போன பிறகு குளோரின் போடுவது எங்கள் வேலை. அதற்கும் காசு கொடுப்பது வீண். ஊறும் தண்ணீர் தெளியும்வரை பொறுங்கள், கலங்கல் குளோரினைத் தின்றுவிடும். பிறகு கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள், எல்லாம் அடியில். வருவதை 22 ஆல் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். பத்தடி விட்டம், ஆறடி தண்ணீர் என்றால் 13,200 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் 33 கிராம். கண்மதிப்பில் போடாமல் நிறுத்துப் போடுங்கள். நாட்பட்டுத் திறந்து கிடந்த தூளுக்கு வீரியமில்லை.

தூளை நேரே கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, முக்கால் வாளிக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே தெளிந்ததை இன்னொரு வாளிக்கு இறுத்து, அதைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக அலசுங்கள். குறைந்தது ஒரு மணித்தியாலம் தண்ணீரைத் தொடக்கூடாது. இரவு போட்டால் காலையில் அள்ளலாம். அடியில் தங்கிய வெள்ளை மண்டியை வெளியில் கொட்டுங்கள். அது சுண்ணாம்பு, எங்கள் கிணறுகளோ ஏற்கெனவே சுண்ணாம்புக் கல்லில்தான் ஊறுகின்றன.